பாயிண்ட் கார்டின் தடுப்பாட்டத்தை எண்களை வைத்து எடைபோடுவது எப்படி?

பாளையங்கோட்டையில் ஒரு மாலை நேரக் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால், கைதட்டல் எப்போது எழுகிறது என்று கவனியுங்கள். பாயிண்ட் கார்டு, அதாவது அணியின் பந்தைக் கொண்டுவந்து தாக்குதலைத் தொடங்கிவைக்கும் ஆட்டக்காரர், எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு (இதுதான் ஸ்டீல்) ஓடினால் கூட்டமே எழுந்து நிற்கும். அதே பையன் அடுத்த மூன்று நிமிடம், பந்து கொண்டுவருகிறவரை ஓரக்கோட்டுப் பக்கமே ஒதுக்கி, பாஸ் போட வழியில்லாமல் திணற வைத்தால் ஒருவரும் கை தட்டமாட்டார்கள். மேஜையில் எழுதும் ஸ்கோர்ஷீட்டிலும் அதற்கு இடமில்லை. அங்கே ஏறுவது புள்ளியும் ஃபவுலும் டைம் அவுட்டும்தான். அதனால் அணித் தேர்வு வரும்போது "அவன் நல்லா ஸ்டீல் எடுப்பான் சார்" என்ற ஒற்றை வரியில் பல பேருடைய தலையெழுத்து முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க எதிரணியைக் கட்டிப்போட்டவன் வெளியே நிற்கிறான். இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டி.

பள்ளி, கல்லூரி அணிகளுக்கு ஸ்கோர் எழுத உட்காருகிறவர்கள், புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள், பிள்ளை ஆடுவதைப் பார்க்க வந்து கூட ஒரு நோட்டும் வைத்திருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் இது பயன்படும். தேவைப்படுவது ஒரு நோட்டு, ஒரு பேனா, ஸ்டாப்வாட்ச் உள்ள ஒரு போன். இரண்டு பேர் சேர்ந்து எண்ணினால் நல்லது. வீடியோ எடுக்க முடிந்தால், கூடைக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து எடுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஸ்கிரீன், அதாவது தடுப்பவரின் வழியை மறித்து ஓர் ஆட்டக்காரர் குறுக்கே நிற்பது, எங்கே வைத்தார்கள் என்பது தெரியாமல் போய்விடும்.

எதை எண்ணப் போகிறோம்

பாயிண்ட் கார்டு பெரும்பாலும் எதிரணியின் பாயிண்ட் கார்டைத்தான் பிடிப்பார். எதிரணியின் ஒவ்வொரு தாக்குதலும் அந்த ஆளின் கையில்தான் தொடங்கும். ஆகவே இவருடைய வேலை நான்கு: பந்து மேலே வருவதைத் தாமதப்படுத்துவது, தன்னைத் தாண்டி உள்ளே புகவிடாமல் இருப்பது, ஸ்கிரீனில் சிக்காமல் ஆளோடு ஒட்டிப்போவது, தன் அணியின் ஷாட் தவறியதும் முதல் ஆளாகப் பின்னால் ஓடிவருவது. பிளாக்கையும் (ஷாட்டைத் தட்டிவிடுவது) ரீபவுண்டையும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) இந்தக் கணக்கில் விட்டுவிடலாம். அவை உள்ளே நிற்கும் உயரமானவர்களின் பாடு.

பொசெஷன் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

"ஓர் ஆட்டத்துக்கு இத்தனை" என்ற கணக்கு நம்மை ஏமாற்றும். ஓடி ஆடும் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 90 பொசெஷன் வரலாம், நிதானமாக ஆடும் அணிக்கு 65 வரலாம். முதல் அணிக்காரருக்கு ஸ்டீல் எடுக்க அத்தனை வாய்ப்பு கூடுதல். ஓர் அணியின் கையில் பந்து வந்ததிலிருந்து எதிரணிக்குப் போகிற வரைக்கும் ஒரு பொசெஷன். ஒவ்வொன்றாக எண்ண முடியாவிட்டால் ஒரு வாய்பாடு இருக்கிறது. எதிரணி எடுத்த ஷாட்டுகளிலிருந்து அவர்களின் தாக்குதல் ரீபவுண்டுகளை (தங்கள் தவறிய ஷாட்டைத் தாங்களே பிடித்தவை) கழியுங்கள். டர்ன்ஓவர்களை (ஷாட் எடுக்காமலே பந்தை இழந்தவை) கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோக்களை 0.44-ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள். அமெரிக்கப் புள்ளியியலாளர் டீன் ஆலிவரின் எழுத்துகளால் இந்தக் கணக்கு பரவலானது. இன்றும் பெரும்பாலானோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

புரிவதற்காக ஒரு கற்பனை ஆட்டம். எதிரணி 62 ஷாட் எடுத்தது, 10 தாக்குதல் ரீபவுண்ட், 15 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ. 62-இல் 10 போனால் 52, கூட 15 சேர்த்தால் 67, இன்னும் 8.8 சேர்த்தால் 75.8 பொசெஷன். அவர்கள் அடித்தது 68 புள்ளி என்றால், 100 பொசெஷனுக்கு ஏறத்தாழ 90. இதைத்தான் டிஃபென்சிவ் ரேட்டிங் என்கிறார்கள். எண் குறையக் குறைய தடுப்பு பலம். இனி நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் அவர் களத்தில் இருந்தபோது நடந்த பொசெஷன்களால் வகுத்தே பாருங்கள்.

ஸ்டீல்: மதிப்பு உண்டு, விலையும் உண்டு

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஸ்டீலைக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 சீசனில். வாழ்நாள் கணக்கில் முதலிடம் ஜான் ஸ்டாக்டனுக்கு, 3,265. ஒரே சீசனில் அதிகம் எடுத்தவர் ஆல்வின் ராபர்ட்சன். 1985-86-இல் 301 எடுத்தார், அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே போனது. 1995-96-இல் ஸ்டீல் சராசரியில் முதலில் நின்ற கேரி பேட்டனும் அதே விருதை வாங்கினார். ஆகவே ஸ்டீலைத் தூக்கிப் போட்டுவிட முடியாது.

ஆனால் ஆலன் ஐவர்சனைப் பாருங்கள். 2000-01 முதல் தொடர்ந்து மூன்று சீசன்களில் ஸ்டீல் சராசரியில் அவர்தான் முதல். ஆனாலும் என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்ட அணிகளில் (சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) ஒருமுறைகூட அவர் பெயர் இடம்பெறவில்லை. அந்த மூன்றாவது சீசனில் தடுப்பாட்ட இரண்டாம் அணியில் இடம்பிடித்தவர், அவரோடு அதே ஃபிலடெல்பியா அணியில் ஆடிய பாயிண்ட் கார்டு எரிக் ஸ்னோ. இன்னொரு உதாரணம் 2021-22. ஸ்டீல் சராசரியில் முதலிடம் டிஜான்டே மர்ரே. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது போனது மார்கஸ் ஸ்மார்ட்டுக்கு. பேட்டனுக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற முதல் கார்டு அவர்தான். அந்த சீசனில் டிஃபென்சிவ் ரேட்டிங்கில் முதலாவதாக வந்ததும் அவருடைய பாஸ்டன் அணியே.

ஸ்டீலுக்கு எப்படி விலை போடுவது? பந்துக்குக் கை நீட்டி, கிடைக்காமல், அதனால் ஆள் தாண்டிப் போய்விட்டால் அதற்குத் தனிக் கோடு போடுங்கள். என் நோட்டில் அந்தப் பத்திக்கு 'கோட்டை' என்று தலைப்பு, கோட்டை விட்டதன் சுருக்கம். ஒரு பயிற்சி ஆட்டம் முடிந்து ஒரு பையனும் அவனுடைய பயிற்சியாளரும் அந்த நோட்டை வைத்துப் பேசியது இது:

"சார், இன்னைக்கு நாலு ஸ்டீல் சார்."

"நாலு சரிதாம்ல. கைய நீட்டிக் கோட்ட விட்டது எத்தனன்னு பாத்தியா?"

"பதிமூணா சார்?"

"பதிமூணு தடவையும் பின்னால நிக்கவன் உனக்காக ஓடிருக்காம்ல. அவனுக்கு அஞ்சு ஃபவுல் எப்பிடி வந்துச்சுன்னு நெனைக்க?"

இந்தக் கேள்வியில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. முன்னால் நிற்பவர் கோட்டை விட்டால் அந்தக் கணக்கு பின்னால், கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆளான சென்டரின் பெயரில் ஃபவுலாக ஏறும். ஸ்கோர்ஷீட்டைப் பார்ப்பவர் சென்டரைத்தான் குறை சொல்வார்.

இதையும் எண்ணாக்கலாம். உங்கள் எதிரணிகள் சராசரியாக ஒரு பொசெஷனுக்கு 0.9 புள்ளி அடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டீல் அந்த 0.9-ஐ மிச்சப்படுத்துகிறது. மறுபக்கம் சுலபமான லே-அப்பாக (கூடையை ஒட்டிப் போடும் ஷாட்டாக) மாறும் வாய்ப்புக்கு இன்னொரு 0.4 கொடுங்கள். மொத்தம் 1.3. கோட்டை விட்ட பொசெஷன்களில் எதிரணி சராசரியாக 1.3 அடிக்கிறது என்றால், ஒவ்வொரு கோட்டைக்கும் நஷ்டம் 0.4. சம பொசெஷன் ஆடிய இரண்டு பேர் இருக்கிறார்கள். முதல் ஆள் 18 ஸ்டீல், 54 கோட்டை: வரவு 23.4, செலவு 21.6, மிச்சம் 1.8. இரண்டாம் ஆள் 7 ஸ்டீல், 9 கோட்டை: வரவு 9.1, செலவு 3.6, மிச்சம் 5.5. கைதட்டல் எல்லாம் முதல் ஆளுக்கு, அணிக்கு லாபம் இரண்டாம் ஆளால். இதில் நான் வைத்த 0.9, 1.3 எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் நோட்டில் கோட்டை விட்ட பொசெஷன்களை மட்டும் தனியாகக் கூட்டி, உங்கள் ஊர் எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பந்தில் விரல் பட்டுத் திசை மாறியதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். ஸ்டீல் ஓர் ஆட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும், அதை வைத்து ஆளை அளக்க முடியாது. விரல்பட்டது அதைவிட அடிக்கடி நடக்கும், அதனால் சீக்கிரமே உண்மையைக் காட்டும். என்.பி.ஏ.வும் 2016-17 சீசனிலிருந்து இதை வெளியிடுகிறது.

எட்டு நொடிக்குள் என்ன நடக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கேமராவும் வேண்டாம், கணினியும் வேண்டாம், செலவில்லாத அளவுகோல்.

சர்வதேச விதிப்படி ஒரு தாக்குதலுக்கு 24 நொடி. அதில் முதல் 8 நொடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். எதிரணி பந்தைக் கையில் எடுத்ததும் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். நடுக்கோட்டைத் தாண்டும்போது நொடியை எழுதுங்கள். அவர்களுடைய உண்மையான முதல் நகர்வு, அதாவது ஸ்கிரீன் வைப்பதோ உள்ளே ஓட்டுவதோ உள்ளே பாஸ் போடுவதோ, எப்போது தொடங்குகிறது என்று இரண்டாவது முறையும் எழுதுங்கள். ஃபாஸ்ட் பிரேக்கை (தடுப்பு அமையும் முன்னே வேகமாக ஓடி அடிக்கும் தாக்குதலை) இதில் சேர்க்காதீர்கள், அது வேறு கணக்கு.

யாரும் நெருக்காமல் விட்டால் நான்கு நொடியில் நடந்தே வந்துவிடுவார்கள். முழுக்களத்திலும் ஒட்டிக்கொண்டு, இடமும் வலமுமாகத் திருப்பிவிட்டுக்கொண்டே வரும் ஒரு பாயிண்ட் கார்டு அதை ஆறு, ஏழு நொடியாக்குவார். மூன்று நொடிதானே என்று நினைக்க வேண்டாம். நடுக்கோட்டைத் தாண்டியபின் பாயிண்ட் கார்டு மூச்சு வாங்கித் திரும்பி, ஆட்களை இடத்தில் நிறுத்த இன்னும் நாலைந்து நொடி போகும். அதற்குள் கடிகாரத்தில் 12 நொடிதான் மிச்சம். முதல் திட்டம் அடைபட்டால் இரண்டாவது திட்டத்துக்கு நேரம் இல்லை. அவசரத்தில் தூக்கிப் போடும் ஷாட் தவறும். அந்தத் தவறிய ஷாட்டுக்கு ரீபவுண்ட் எடுத்தவரின் பெயர் யாராவது எடுக்கும் புள்ளிவிவரத்தில் வரலாம், தாமதப்படுத்தியவரின் பெயர் வராது. உங்கள் நோட்டில் வரட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பல உள்ளூர்ப் போட்டிகளில் 24 நொடிக் கடிகாரம் கண்ணில் தெரிகிற மாதிரி இருக்காது. அங்கே இந்தத் தாமதத்தின் பலன் குறைவு, ஆனால் பழக்கத்தின் அடையாளமாக எண்ணை எழுதி வைப்பதில் தவறில்லை. நான்காவது குவார்ட்டரில் இந்த நொடி எப்படி மாறுகிறது என்று தனியாகப் பாருங்கள். முதல் குவார்ட்டரில் ஆறரை நொடி, கடைசியில் நாலரை என்றால் திறமையில் குறையில்லை, தெம்புதான் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மருந்து மாற்று ஆட்டக்காரரும் காலை ஓட்டமும்.

ஸ்கிரீனில் சிக்குகிறாரா

ஸ்கிரீன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஸ்கிரீனுக்கு மேலால், பந்துக்காரரை ஒட்டிப் போனால் 'மே'. கீழால் சுற்றிப் போனால் 'கீ'. ஆளை மாற்றிக்கொண்டால் 'மா'. ஸ்கிரீனில் மோதி நின்றுவிட்டால் 'சி', சிக்கியது. சில ஆட்டங்களில் சேர்த்த பிறகு, நூறு ஸ்கிரீனில் எத்தனை 'சி' என்று பாருங்கள்.

எண்ணுவதற்கு முன்னால் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இன்றைக்கு என்ன திட்டம்? எதிரணி பாயிண்ட் கார்டுக்குத் தூரத்து ஷாட் விழாது என்றால் கீழால் போவதுதான் சரி. அவர் மூன்று புள்ளி ஷாட்டில் கைதேர்ந்தவர் என்றால் அதே 'கீ' பெரும் பிழை. திட்டம் தெரியாமல் எழுதினால் சொன்ன பேச்சைக் கேட்ட ஆட்டக்காரருக்கு மதிப்பெண் குறையும். பின்னால் நிற்கும் சென்டர் "ஸ்கிரீன் வருது, வலது" என்று குரல் கொடுத்தாரா என்பதையும் கவனியுங்கள். குரலே வராத அணியில் எவ்வளவு நல்ல பாயிண்ட் கார்டும் சிக்குவார்.

யாரைப் பிடித்தார்

2015-16-இல் ஸ்டீல் சராசரியில் முதலிடம் ஸ்டீஃபன் கரிக்கு. ஆனால் எதிரணியின் அபாயகரமான பாயிண்ட் கார்டைப் பிடிக்கும் பொறுப்பு பலமுறை கிளே தாம்சனிடம்தான் கொடுக்கப்பட்டது. இப்படி ஆளை மாற்றிக் கொடுப்பது நம் ஊர் அணிகளிலும் உண்டு. அதனால் ஒவ்வொரு குவார்ட்டரின் தொடக்கத்திலும் "யார் யாரை" என்று ஒரு வரி எழுதுங்கள். எதிரணியின் மூன்றாம்தர ஆட்டக்காரரைப் பிடித்து வைத்த சுத்தமான எண், அவர்களின் சிறந்த ஆளைப் பிடித்து வாங்கிய சுமாரான எண்ணுக்குச் சமமாகாது. ஸோன் டிஃபென்ஸ் (ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் முறை) ஆடினால் ஆளுக்கு ஆள் கணக்கை மூடிவையுங்கள். அப்போது எட்டு நொடிக் கணக்கும் விரல்பட்டதும் மட்டும் போதும்.

எதிராளியின் ஷாட் விழவில்லை என்பதை நம்பலாமா

கொஞ்சம்தான். முப்பது சதவீதம் போடும் ஒருவர் பத்து மூன்று புள்ளி ஷாட் எடுத்தால் சராசரியாக மூன்று விழும். வெறும் அதிர்ஷ்டத்திலேயே ஒருநாள் ஒன்றும் இன்னொரு நாள் ஐந்தும் விழுவது சர்வ சாதாரணம். அதைத் தடுத்தவரின் பெயரில் எழுதுவது நியாயமில்லை. ஷாட் விழுந்ததா என்பதை விட்டுவிட்டு, ஷாட் எடுத்த இடத்தையும், எடுக்கும்போது கை முன்னால் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். கூடைக்குப் பக்கத்தில் எதிராளி எடுத்த ஷாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தால் அது தடுப்பாட்டம்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் சேர்கிறது: காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசிப் பக்கத் திறந்தவெளிக் களங்களில் பந்தை நகர்த்திவிடும். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான். அந்த மாதங்களில் ஆடிய ஆட்டத்தின் பக்கத்தில் 'காற்று' என்று எழுதி வையுங்கள். சாரலில் சிமெண்ட் தரை ஈரமாக இருந்தால் அதையும். ஈரத்தில் திரும்ப முடியாமல் ஆள் தாண்டிப் போனதைக் 'கோட்டை'யில் சேர்க்க வேண்டாம்.

அவர் உள்ளே, அவர் வெளியே

முன்னால் சொன்ன கற்பனை ஆட்டத்துக்கே வருவோம். 75.8 பொசெஷனில் நம் பாயிண்ட் கார்டு களத்தில் இருந்தது 50. அதில் எதிரணி அடித்தது 41, அதாவது நூறுக்கு 82. அவர் வெளியே இருந்த 25.8-இல் அடித்தது 27, நூறுக்கு ஏறத்தாழ 105. வித்தியாசம் 23. பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் அவர் வெளியே உட்கார்ந்தபோது சென்டரும் கூடவே உட்கார்ந்தாரா? அப்படியானால் 23-இல் எவ்வளவு யாருக்கு? எதிரணியும் அப்போது முதல் ஐவரைத்தான் ஆடவிட்டதா?

என்.பி.ஏ.வில் இந்தச் சிக்கலை அவிழ்க்க, பத்து பேரின் தாக்கத்தையும் ஒரே சமன்பாட்டில் பிரித்தெடுக்கும் திருத்திய பிளஸ்-மைனஸ் (ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி அடித்ததற்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம்) முறைகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கே பல சீசன் தரவு வேண்டும். நம்மால் அது முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். மற்ற நான்கு பேரும் ஏறக்குறைய மாறாமல், பாயிண்ட் கார்டு மட்டும் மாறிய நேரங்களைத் தனியே எடுத்து ஒப்பிடுங்கள். பயிற்சி ஆட்டங்களில் இதைத் திட்டமிட்டே செய்யலாம். ஒரு குவார்ட்டர் இவர், அடுத்த குவார்ட்டர் அவர், மற்ற நால்வரும் அதே ஆட்கள்.

இணையத்தில் கிடைக்கும் தனிநபர் டிஃபென்சிவ் ரேட்டிங், டிஃபென்சிவ் வின் ஷேர்ஸ் (தடுப்பால் வந்த வெற்றிகளில் ஒருவரின் பங்கு) போன்றவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பாக்ஸ் ஸ்கோரையும் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) அணியின் மொத்த எண்ணையும் வைத்துப் பிரித்தவை. நல்ல அணியில் இருக்கும் சுமாரான கார்டுக்கு அவை நல்ல எண் கொடுத்துவிடும். இரண்டு கார்டுகளை ஒப்பிட அவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

ஃபவுல்

சர்வதேச விதியில் ஐந்து ஃபவுலில் ஆள் வெளியே. ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து, பந்து கையில் இல்லாத அணியின் சாதாரண ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆகவே எத்தனை என்பதோடு எங்கே என்பதையும் எழுதுங்கள். கூடையிலிருந்து வெகு தூரத்தில், நடுக்கோட்டுப் பக்கம் கை வைத்து வாங்கும் ஃபவுல்தான் பாயிண்ட் கார்டின் பெரிய வியாதி. ஃபாஸ்ட் பிரேக்கை நிறுத்த யோசித்து வாங்கியதை அதிலிருந்து பிரித்து வையுங்கள்.

எப்போது முடிவு சொல்லலாம்

ஓர் ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். கோடைப் பயிற்சி முகாமின் ஆட்டங்கள், பள்ளிகளுக்கிடையிலான போட்டி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என்று ஒரு பருவம் முழுக்க எழுதினால்தான் எண்கள் ஓரளவு நிலைக்கும். எட்டு நொடிக் கணக்கும் ஸ்கிரீன் கணக்கும் சீக்கிரம் நிலைக்கும், ஏனென்றால் அவை ஓர் ஆட்டத்திலேயே பலமுறை நடக்கின்றன. ஸ்டீல் மெதுவாக நிலைக்கும். உள்ளே-வெளியே வித்தியாசம் எல்லாவற்றையும்விட மெதுவாக நிலைக்கும். முரண்பட்டால் முதல் இரண்டையே நம்புங்கள் என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் முதல் நாளே எண்ண முயன்றால் ஆட்டத்தையே பார்க்க முடியாது. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது ஸ்டாப்வாட்ச் மட்டும் போதும், நடுக்கோட்டு நொடியை மட்டும் எழுதுங்கள். கை பழகியதும் 'கோட்டை'யைச் சேருங்கள். பிறகு 'மே, கீ, மா, சி'. இரண்டாவது ஆள் கிடைத்தால் அவரிடம் "யார் யாரை" வரியையும் ஃபவுல் இடத்தையும் கொடுத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் நோட்டை முதலில் ஆட்டக்காரரிடம் காட்டுங்கள், அப்புறம் தேர்வுக்குழுவிடம்.